நடேசன் பூங்கா

தி.நகர் நிற்பது பழைய ஏரி நிலத்தில். 1920களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்து இந்தக் குடியிருப்பை எழுப்பினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. நகருக்கு அக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர். நடுவிலுள்ள பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசர் பெயர். வெங்கடநாராயணா சாலைப் பூங்காவுக்கு நடேச முதலியார் பெயர்.

பெயர்ப் பொருத்தம் அருமை. மருத்துவரான நடேசனார், சென்னைக்குப் படிக்க வந்து தங்க இடமின்றித் தவித்த பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்தியவர். இடமில்லாதவருக்கு இடம் தந்தவர் பெயரில், எல்லோருக்கும் இடம் தரும் ஒரு பூங்கா!

இங்கே பெரிய அலங்காரம் எதுவும் தேவையில்லை. நடக்க ஒரு பாதை, உட்கார பெஞ்சு, தலைக்கு மேல் மர நிழல். விடிகாலையில் கைவீசி நடக்கும் பெரியவர்கள், மாலையில் குழந்தைகளோடு வரும் தாய்மார்கள், பாண்டி பஜாரில் வாங்கிய பைகளோடு கால் ஆற்றிக்கொள்பவர்கள் என எல்லோருக்கும் இது போதும். சதுர அடிக்கு விலை பேசும் தி.நகரில், காசு கேட்காமல் உட்காரச் சொல்லும் இடம் இது. இதைவிட நல்ல நகர வசதி எனக்குத் தெரியாது.