செக்ரோலிலிருந்து மேகக் கணினி வரை

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளிலே தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவது வழமையாகிவிட்டது. ஞாயிறு வெளியீடுகளில் சினிமாப் பக்கத்துக்கு அயல்வீட்டுக்காரனாக அது அமர்ந்திருக்கிறது. புதிய கைபேசியின் குணநலன்கள், ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்கிய வரலாறு, எங்கோ ஒரு சேர்வருக்குள் விஷமிகள் புகுந்த செய்தி ஆகியன அங்கே இடம்பெறுகின்றன. நாவலையும் சிறுகதையையும் வர்க்கக் கண்ணோட்டத்தில் அலசும் நம் திறனாய்வாளர் இப்பக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. அது வெறும் தகவல், எழுத்தன்று என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. எவனைப் பற்றிப் பேசுகிறது, எவனைப் பேசாமல் விடுகிறது என்பது எந்த எழுத்துக்கும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். அக்கேள்வியை இந்த எழுத்திடமும் கேட்டுப் பார்ப்போம்.

2021 பெப்ரவரி 6 ஆந் திகதி, நாடு 73 ஆவது சுதந்திர தினத்தைக் கொண்டாடி இரண்டு நாள் கழிந்த சனிக்கிழமையன்று, இலங்கையின் இணையப் பெயர்ப் பதிவகம் தாக்கப்பட்டது. இணையத்தில் நாம் ஒரு பெயரைத் தட்டினால், அப்பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் ஏடு ஒன்று உண்டு. அந்த ஏட்டிலே எவரோ கை வைத்துவிட்டனர். தபாற்கந்தோரில் முகவரிகளை மாற்றி எழுதி வைத்தால் கடிதங்கள் வேறு வீட்டுக்குப் போவதைப்போல, எல்கே என்று முடியும் கூகிள், ஒராக்கிள் முதலான முகவரிகளை நாடியவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்தப் பக்கத்தில் இருந்தது என்ன? தேயிலைத் துறையின் பிரச்சினை, பத்திரிகைச் சுதந்திரம், அரசியல் ஊழல், நீதித்துறையின் நிலை, சிறுபான்மையினர் படும் பாடு ஆகியவை.

நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமெனத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது அதற்கு முதல் நாளில்தான். ஆகவே அந்தச் சனிக்கிழமையின் செய்தி ஒரே வேளையில் இரண்டு செய்தியாகும். ஒன்று, பதிவகத்தின் பூட்டு உடைந்தது. மற்றது, உடைத்தவன் கொழுந்து கிள்ளுபவளின் கூலியைப் பற்றிப் பேசினான். உலகத் தொழில்நுட்ப ஏடுகள் முதலாவதை விரிவாக எழுதின. இரண்டாவதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கின. நம் பத்திரிகைகளிலும் நாம் கண்ட அளவில், ஒரு பக்கத்தில் வேலைநிறுத்தமும் வேறொரு பக்கத்தில் இணையத் தாக்குதலும் இருந்தனவேயன்றி, இரண்டையும் சேர்த்து வாசித்தவர் இல்லை.

பூட்டை உடைத்தவனுக்கு நாம் மாலை சூட்டப் புறப்படவில்லை என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும். முகமூடி அணிந்த ஒருவன் இரவோடிரவாக எழுதிப்போகும் வாசகத்தைப் புரட்சி என்று கொண்டாடும் இளைஞர்கள் நம்மிடையே உளர். அந்த வாசகம் அன்று காலைக்குள்ளேயே துடைக்கப்பட்டுவிட்டது. வேலைநிறுத்தமோ பிரட்டுக்களத்தில் பகல் வெளிச்சத்தில் நின்றவர்களுடையது. 1,000 ரூபா அடுத்த மாதம் வர்த்தமானியில் ஏறியதற்குக் காரணம் அவர்களேயன்றி முகமூடிக்காரன் அல்லன். எனினும், செய்தி எழுதுவோன் கண்ணுக்குப் பூட்டு மட்டும் தெரிந்து கூலி தெரியாமற் போனது ஏன் என்பது நமது கேள்வி.

இரண்டாவது உதாரணத்துக்கு வருவோம். அரசாங்கத்தின் கணினி வேலைகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி வைத்திருக்கும் அமைப்புக்கு ‘லங்கா அரசாங்க மேகம்’ என்று பெயர். (சிங்கராஜ வனத்தின் விளிம்பில் வாழும் கலவான மக்களுக்கு மேகம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. 2017 மே மாதத்து மழையையும் மண்சரிவையும் அவர்கள் மறந்துவிடவில்லை.) 2023 ஓகஸ்ட் மாத இறுதியில், கப்பம் கோரும் நிரல் ஒன்று அந்த மேகத்துக்குள் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் யாவும் போயின. அக்காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுக்குரியது; அதைச் செய்த கம்பெனியே அவ்வாண்டு ஏப்ரலுடன் அதனைக் கைவிட்டிருந்தது. புதுப்பிக்கும் யோசனை 2021 முதல் இருந்தும் பணமில்லை, தீர்மானமில்லை என்று இழுபட்டதாகப் பொறுப்பான நிறுவனம் பின்னர் சொன்னது.

இச்செய்தி எழுதப்பட்ட நடையைக் கவனியுங்கள். ‘தரவுகள் அழிந்தன’, ‘பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை’, ‘புதுப்பித்தல் தாமதமாயிற்று’. எல்லாம் செயப்பாட்டு வினை. வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. அழித்தவன் வெளிநாட்டு விஷமி. பிரதி எடுக்காதவன் எவனுமில்லை. இதைத் தமிழாசிரியரின் நுணுக்கமென்று ஒதுக்கிவிட முடியாது. எழுவாய் இல்லாத வாக்கியம் ஒரு வர்க்கத்துக்கு மட்டுமே அருளப்படும் சலுகை. ஏட்டைத் தொலைத்தவன் தோட்டத் தொழிலாளியாக இருக்கும்போது வாக்கியம் எவ்வளவு திருத்தமாக எழுவாய் பெறுகிறது என்பதைச் சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்த எவரும் அறிவர்.

நம் மூதாதையர் இந்நாட்டுக்கு வந்தபோது தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பப்பட்டனர். நமது முதல் அடையாள அட்டை தகரத்தாலானது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குக் கடனைக் குறித்த துண்டு வேண்டியிருந்தது. 1921 இல்தான் அது ஒழிந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே வேரூன்றாத காலத்தில் லயத்தில் பிறந்த பாட்டனுக்கு ஏது பத்திரம்? ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டின் சட்டம், வசித்ததற்கு எழுத்து மூலமான அத்தாட்சி கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது; ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1964 இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் அமர்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். 1981 ஓகஸ்டில் கஹவத்தை முதலான இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது தகரப் பெட்டிகளும் எரிந்தன. பெட்டிக்குள் இருந்த ஒற்றைப் பிரதியும் உடன் எரிந்தது.

இவ்வரலாற்றில் எந்த இடத்திலேனும் ‘பத்திரம் தொலைந்தது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதி எவரேனும் மன்னித்ததுண்டா? ‘நீ காட்டவில்லை, ஆகவே நீ இல்லை’ என்பதே தீர்ப்பாயிற்று.

இன்றுங்கூட நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. பெருமாயி என்று தாய் வைத்த பெயரைப் பிறப்புப் பதிவில் சிங்களத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுதுகிறார். தோட்டக் கந்தோரில் ஆங்கிலத்தில் வேறு விதமாக எழுதுகிறார்கள். வடக்குக் கிழக்குக்கு வெளியே 2014 வரை தேசிய அடையாள அட்டை சிங்களத்தில் மட்டுமே வழங்கப்பட்டதால் அங்கே மூன்றாவது உருவம் பெறுகிறது. ஓய்வு பெறும் நாளில் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போனால், மூன்று பெருமாயிகளும் ஒருத்திதான் என்று அவளே நிரூபிக்க வேண்டும். பிழை செய்தவர் மூவர். விளக்கம் கேட்கப்படுவது நாலாவது ஆளிடம். கணினி இப்பிழையை உண்டாக்கவில்லை. ஆனால் ஏட்டுப் பிழையை அருகில் ஒரு சிறு குறிப்பெழுதிச் சமாளித்த எழுதுவினைஞரின் இடத்தில், ஓர் எழுத்து மாறினாலும் ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும் திரை வந்திருக்கிறது.

தொழில்நுட்பச் செய்தியை வேறு விதமாக எழுத இயலுமா என்று கேட்போர் உண்டு. எழுதியிருக்கிறார்கள். பிரித்தானியத் தபால் திணைக்களம் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை 1999 முதல் தன் உப தபாலகங்களில் புகுத்தியது. ஃபுஜிட்சு கம்பெனி வழங்கிய அம்மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டிற்று. பற்றாக்குறையைத் தம் கைப்பணத்தில் நிரப்பியவர்கள் பலர். 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டனர். மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது எனக் கொள்ளும் சட்ட ஊகம் அங்கே உண்டு. இயந்திரத்தின் உட்புறத்தைக் காணும் வசதியில்லாத தபாலதிபர் அதன் பிழையை எவ்வாறு நிரூபிப்பார்?

2009 இல் ‘கொம்பியூட்டர் வீக்லி’ என்ற தொழில் ஏடு இவ்விவகாரத்தை முதன்முதல் வெளிக்கொணர்ந்தது. தொழில்நுட்ப ஏடுதான், மென்பொருளாளர் வாசிக்கும் ஏடுதான். ஆனால் அது கம்பெனியின் அறிக்கையிலிருந்து தொடங்கவில்லை. ஏழு தபாலதிபர்களின் கதையிலிருந்து தொடங்கிற்று. அரசாங்கம் அசைவதற்கு அதன் பின்னரும் பதினைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2024 ஜனவரியில் அக்கதை தொலைக்காட்சி நாடகமாக வந்து நாடே கொதித்தெழ, அவ்வாண்டு மே மாதத்தில் அத்தீர்ப்புகளைச் சட்டமியற்றி நீக்கினார்கள். கலை மக்களுக்கு என்ன செய்யும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதனை ஓர் உதாரணமாக எடுத்துக் காட்டலாம். ஆயினும் அந்த ஏழு பேரையும் தேடிப்போன செய்தியாளர் இல்லையேல் நாடகத்துக்குக் கருவே இருந்திராது.

நமது செக்ரோலுக்கும் இதே ஊகம் நெடுங்காலமாக உண்டு. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அரைப்பேர் என்று விழுந்துவிட்டால் அன்று அரை நாள்தான்; ஏடு பொய் சொல்லாது. இன்று பல தோட்டங்களில் செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. சில இடங்களில் மின்தராசு வந்திருக்கிறது. இயந்திரம் கணக்கப்பிள்ளையைவிட நேர்மையானது என்று மகிழ்வோரை நாம் பழிக்கவில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்த கையைவிட இயந்திரம் மேல்தான். ஆனால் எத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்குள் எழுதி வைத்தவன் யார்? நிறுத்த நிறையைக் கண்ட கணத்தில் தொழிலாளியின் கையில் ஒரு சீட்டு வருகிறதா? தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்கு எழுப்பும் குரலில் ஒரு பங்கையேனும் இக்கேள்விக்கு எழுப்பியதாக நாம் அறியோம்.

நிற்க. அரசாங்கம் எதனைப் பாதுகாப்பு என்று கருதுகிறது என்பதை இரண்டு சட்டங்கள் சொல்லும். தற்செயலாக இரண்டுக்கும் இலக்கம் 9. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்நாள் நெருங்கியபோது, திருத்தம் வேண்டுமெனப் பின்போடப்பட்டன. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்னும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமோ, இணையத்தில் எவர் எதைப் பேசலாம் என்பதை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுப்பது. மேகம் கரைந்ததை அரசாங்கம் ஒப்புக்கொண்ட அதே 2023 செப்டெம்பர் மாதத்தில் அதன் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. 2024 ஜனவரி 24 இல் நிறைவேறிவிட்டது. மக்களின் வாயைக் காக்க நாலு மாதம் போதுமாயிருந்தது. மக்களின் பெயரைக் காக்க மூன்றாண்டு போதவில்லை.

இப்போது நாடு முழுவதற்கும் டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. 2022 இல் செய்த உடன்பாட்டின்படி இந்திய அரசு 300 கோடி இந்திய ரூபாவை நன்கொடையாகத் தருகிறது. இதனை எதிர்ப்பவர்கள், நம் தரவு இந்தியாவுக்குப் போய்விடும் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள், போகாது என்கிறார்கள். தேசத்தின் இறைமை பற்றிய அக்கேள்வி அற்பமானதன்று. ஆனால் இரு தரப்பாரும் தரவு செப்பமாக இருக்கிறது, அதைக் காப்பதே பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பெருமாயிகளில் எவள் அந்தக் கணினிக்குள் போவாள் என்று இருவரும் கேட்பதில்லை. கைரேகை வைக்கச் சொல்வார்கள். உடலுழைப்பால் ரேகை தேய்ந்தவர்களை இந்தியாவின் ஆதார் இயந்திரங்கள் ரேஷன் கடை வாசலில் நிறுத்திவைத்த அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. கொழுந்துச் சாறு கறுத்த விரலும், ரப்பர் வெட்டும் விரலும் அந்தக் கண்ணாடியில் எவ்வாறு விழும் என்று சோதித்துப் பார்ப்பதற்குக் கலவானயைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அந்தச் சோதனை, அட்டை வந்த பின்னரன்றி, வருமுன்னரே நடக்க வேண்டும். விரல் பொருந்தாதவளுக்கு மாற்று வழி என்ன, பெயரைத் திருத்த எந்த மொழியில் எவரிடம் போவது, திருத்தாமல் விட்ட உத்தியோகத்தரின் பெயர் என்ன என்பவை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கலவான, இறக்குவானை, தெஹியோவிற்றப் பக்கத்து ஆசிரியர்களையும் படித்த இளைஞர்களையும் ஒன்று கேட்கிறோம். உங்கள் லயத்தில் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தில், அடையாள அட்டையில், சேமலாப நிதிக் கணக்கில், அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயரும் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை வேறுபாடு என்ற கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்கள். எவருடைய பெயரும் இலக்கமும் வேண்டியதில்லை. வருவனவற்றை இப்பக்கங்களில் வெளியிடுவோம். அனுப்புமுன் பிரதி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.