தம்பூன் குகைச் சித்திரங்கள்

பேராக்கில், ஈப்போவுக்கு அணித்தேயுள்ள தம்பூன் சுண்ணாம்புப் பாறை மலையிலே செந்நிறச் சித்திரங்கள் அறுநூறுக்கு மேல் உள. 1959-இல் கூர்க்காப் படை அதிகாரி ராலிங்ஸ் என்பார் கண்டு கூறிய பின்னரே அறிஞருலகம் இவற்றை அறிந்தது. "காட்டுமிராண்டிகளின் கிறுக்கல்" என்று நகைக்கும் படித்தவர் உளர். பூதம் தீட்டியது எனக் கும்பிடுவோரும் உளர். இரு சாராரும் பாறையை நிமிர்ந்து பார்த்தவரல்லர் என்பது நம் துணிபு.

இரும்புச் சத்துள்ள செங்காவிக் கல்லை அரைத்து, மானையும் மனிதனையும் தீட்டியுள்ளனர். பல உருவங்கள் இன்று நிற்பார்க்கு எட்டாத உயரத்தில் உள. பரண் கட்டியேனும் ஏறியிருத்தல் வேண்டும். கிறுக்குபவன் இத்துணைப் பாடுபடுவானா?

கடற்பசு என அறிஞர் கருதும் உருவமும் அங்குண்டு. இராமேசுவரக் கரையார் ஆவுளியா என்பது இதனையே. கடலோ இன்று பல மைல் மேற்கே கிடக்கிறது. ஏறக்குறைய 5000 ஆண்டுகட்கு முன் இத்தீபகற்பத்தில் கடல்மட்டம் சில மீட்டர் உயர்ந்திருந்தது. கரையும் உள்ளே வந்திருந்தது. ஓவியர் காலம் அதுவாயின், தம் கண்ணெதிரே இருந்ததையே தீட்டினர் எனலாம்.

பின்னர் கிந்தாப் பள்ளத்தாக்கில் காடு அழிந்தது; ஈயச் சுரங்கமும் ரப்பரும் வந்தன. அழித்த கைகளில் நம்மவர் கைகளும் உள. அவை தீட்டி வைத்தது ஒன்றுமில்லை. செக்ரோலில் பெயரும் நாட்கணக்குமே எஞ்சின. இப்பொழுது அண்டை மலைகளைச் சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் உடைக்கின்றனர்.

ஈப்போ செல்லும் தோட்டத்துத் தோழர்கள் ஒரு ஞாயிறன்று ஏறிப் பார்க்கட்டும். பாறையில் கரியால் தம் பெயரை எழுதிவிட்டு வர வேண்டா.