அபொலுவோ: பிடி யார் கையில்?

பண்டைக் கிரேக்கத்தில் 'லுவோ' என்றால் அவிழ். முன்னால் 'அபோ' சேர்ந்தால் ஒன்றிலிருந்து அவிழ்த்து அனுப்புவது: 'அபொலுவோ'. மீட்பு, குற்ற விடுதலை, பணிவிடுப்பு, மணவிலக்கு, மரணம் என்று அகராதிகள் இதற்குப் பல பொருள்களை அடுக்குகின்றன. பிடி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் இந்த அடுக்குக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும்.

ஹோமரிடம் இது இலக்கணத்திலேயே தெரிகிறது. இலியத்தின் முதல் காண்டத்தில் பூசாரி கிரைசீஸ் மகளை மீட்கப் பொருளோடு வருகிறார்; அகமெம்னோன் விடவில்லை. அங்கே வினை செய்வினை வடிவில். 22ஆம் காண்டத்தில், பிள்ளைகள் உயிரோடிருந்தால் வெண்கலமும் பொன்னும் கொடுத்து மீட்டுக்கொள்வோம் என்கிறான் பிரியாம். அங்கே அதே வினை, செயலின் பயன் செய்பவனையே சேரும் மத்திம வடிவில் வருகிறது. தமிழில் 'கொள்' என்ற துணைவினை செய்கிற வேலை அது.

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பிடி நடுவர்களிடம். ரோமானிய எகிப்தின் பாப்பிரசுகளில் அது படையிடம்: 'மதிப்போடு விடுவிக்கப்பட்டவர்' என்ற தொடர் முன்னாள் வீரர்களின் பெயரோடு வரும். இன்றைய கிரேக்கத்தில் ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதும் இதே வினைதான். பள்ளியிறுதிச் சான்றிதழின் பெயரும் இதிலிருந்தே பிறந்தது.

புதிய ஏற்பாட்டில் லூக்காவின் முதியவர் சிமியோன், கடவுளை அடிமையின் உடையவனாக விளித்து இவ்வினையால் விடைபெறுகிறார். பிலாத்து பரபாஸை விடுவிப்பதும் இதே சொல்லால். பழைய தமிழ் விவிலியம் சிமியோனுக்குப் 'போகவிடு' என்றும் மனைவியை விலக்குவதற்குத் 'தள்ளிவிடு' என்றும் பிரித்துக்கொண்டதால், இரண்டும் ஒரே வினை என்பது தமிழில் படிப்பவருக்குத் தெரிவதில்லை.

சர்ச்சை அதிகம் மணவிலக்கில்தான். மணவிலக்கைப் பேசும் உபாகமம் 24இன் கிரேக்க மொழிபெயர்ப்பு வேறொரு வினையை ஆள்கிறது. ஆகவே மத்தேயுவின் 'அபொலுவோ', தள்ளுதற்சீட்டு கொடுக்காமல் வீட்டைவிட்டு அனுப்புவதை மட்டுமே குறிக்கும் என்று வாதிடுவோர் உண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ஹாலிகார்னசஸ் ஊர் தியோனிசியஸ் ரோமானிய மணவிலக்கை இவ்வினையால்தான் சொல்கிறார். யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் கிடைத்த, கி.பி. 124ஆம் ஆண்டுக் கிரேக்க ஒப்பந்தம் இன்னும் தெளிவு. சீமோன் மகன் எலயோஸ், சலோமேயை முன்பு விலக்கியதை இதே வினையால் பதிவு செய்துவிட்டு, அவளையே மறுபடி மனைவியாக ஏற்கிறான். முறியாத மணத்துக்கு மறுமண ஒப்பந்தம் எதற்கு?

மத்தேயுவில் விலக்குபவன் எப்போதும் கணவன். யூத வழக்கில் அந்த உரிமை பொதுவாக அவனுடையது. மாற்கு 10:12இலோ மனைவியே எழுவாய். ரோமானியச் சட்டத்தில் பெண்ணும் மணத்தை முறிக்கலாம் என்பதால், மாற்கு அச்சூழலில் வாழ்ந்த வாசகர்களுக்கு எழுதினார் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அகராதி தரும் பொருள் இரண்டு இடத்திலும் மணவிலக்குதான். எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை எழுவாய்தான் சொல்கிறது.