கை கேட்கும் கேள்வி

ஆடிப்பெருக்கு வந்தால் திருச்சி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சப்பரம் உண்டு. சின்ன மரச்சட்டம், அதற்குச் சக்கரங்கள், சுற்றிலும் வண்ணக் காகிதம், நடுவில் ஒரு சாமி படம், முன்னால் கயிறு. கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் சப்பரம் குடைசாயும். தயங்கித் தயங்கி இழுத்தால் தெருவில் கிடக்கும் ஒவ்வொரு கல்லிலும் நின்று அடம்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, நாலு வயதுக் கை தானே கண்டுகொள்கிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

அருங்காட்சியகத்துக்கும் அறிவியல் பூங்காவுக்கும் தொட்டு விளையாடும் பொருள்களைச் செய்கிறவர்கள் பெரிய செலவில் தேடிக்கொண்டிருப்பது இந்தச் சப்பரத்தில் இருப்பதைத்தான். அது ஒரு தனிக் கலை. சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் ரசிகர்கள் கூடி உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள். இந்தக் கலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நன்றாக அமைந்துவிட்டால் செய்தவர் இருந்த சுவடே தெரியாது. பிள்ளை விளையாடிவிட்டு ஐஸ் கேட்டு அழப் போய்விடும். கையெழுத்துப் போட இடமில்லாத கலை.

என்னிடம் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கை ஒரு கேள்வி கேட்டால் பொருள் பதில் சொல்ல வேண்டும். கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாற வேண்டும். பொத்தான் இதில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போகிறது. மெல்ல அழுத்தினாலும் குத்தினாலும் அதே விளக்குதான் எரியும், அதே குரல்தான் பேசும். இப்போது எங்கு பார்த்தாலும் மாட்டுகிறார்களே தொடுதிரை, அதுவும் விலை கூடிய பொத்தான்தான். ஒரு பிடி, ஒரு கயிறு, ஒரு சக்கரம் அப்படியில்லை. எவ்வளவு வலு, எந்தப் பக்கம், எப்போது விட்டாய் என்று அவை திருப்பிக் கேட்கும்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கொம்புப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை அதற்கு வரிசை நிற்கும். வெவ்வேறு நீளத்தில் ஊஞ்சல்களை அடுத்தடுத்துத் தொங்கவிட்டால் அதே பொருள் காட்சிப்பொருளாகிவிடும். ஒரு மீட்டர் நீளச் சங்கிலியில் போய்வர ஏறக்குறைய 2 விநாடி ஆகும். நாலு மீட்டருக்கு 4 விநாடி. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு. ஆடுகிறவர் எண்பது கிலோ அப்பாவா இருபது கிலோ மகளா என்பதை ஊஞ்சல் பொருட்படுத்துவதே இல்லை. ஒரே நீளத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஆடினால் அது தானாகவே கண்ணில் படும். இந்த இடத்தில் வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது இரண்டு: இரண்டு ஊஞ்சல்களும் ஒருசேரப் பார்வையில் விழும்படி தூண்களை நிறுத்துவது, பக்கத்தில் சூத்திரம் எழுதிய பலகையை நடாமல் இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம். பலகை இல்லாவிட்டால் திறந்துவைக்க வருகிற பெரியவர்கள் எதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள்?

நம் நாட்டில் இந்தக் கலை பட்டறையில் வளர்ந்தது. கல்கத்தாவில் 1959இல் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறந்தது. 1965இல் அங்கிருந்தே காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றம் 1978இல் உருவானது. அடுத்த ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அதையொட்டி பம்பாய் ஒர்லியில் திறந்தவெளி அறிவியல் பூங்கா வந்தது. கட்டடம் எழும்பித் திறந்தது 1985இல்தான். முதலில் விளையாட்டு, பிறகு கூரை. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் மன்றத்தின் மையம் 1987இல் திருநெல்வேலி கொக்கிரகுளத்துக்கு வந்தது.

இந்த வகைப் பூங்காக்களில் எனக்கு மிகப் பிடித்தது, தூரத்தில் எதிரெதிரே நிறுத்திய இரண்டு பெரிய குழித்தட்டுகள். ஒன்றின் முன்னால் ஒரு வளையம் இருக்கும். அதற்குள் வாயை வைத்துக் கிசுகிசுத்தால், நடுவில் நிற்கிற கூட்டத்துக்கு எதுவும் கேட்காது, எதிர்த்தட்டின் வளையத்தில் காது வைத்தவருக்கு மட்டும் காதோரமாகப் பேசுவதுபோல் கேட்கும். வளையத்தில் பிறந்த ஒலி குழிவில் பட்டு, சிதறாமல் நேர்க்கோடுகளாகப் பயணித்து, எதிர்க்குழிவில் பட்டு மறுபடி ஒரு புள்ளியில் குவிகிறது. இயற்பியல் இவ்வளவுதான். கலை வேறு இடத்தில் இருக்கிறது. இதைத் தனியாக விளையாட முடியாது. எதிரில் ஓர் ஆள் வேண்டும். ‘டேய், கேக்குதா?’ என்பதுதான் எல்லாரும் முதலில் பேசுவது. இரண்டாவது வாக்கியத்தில் ரகசியம் தொடங்கிவிடும். வளையத்தின் உயரத்தைப் பெரியவர் வாய்க்கு வைத்துவிட்டு, கீழே பிள்ளைகளுக்கு ஒரு படிக்கல்லும் போட்டிருந்தால், அதைச் செய்தவர் விஷயம் தெரிந்தவர். நான் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் படிக்கல்லைத்தான் பார்ப்பேன்.

அதே திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களும் இருக்கின்றன. கருங்கல்லைத் தட்டினால் சுரம் பேசும். கொக்கிரகுளத்துக்குப் பல நூற்றாண்டு முன்னால் தச்சர்கள் செய்து வைத்த, கைக்குப் பதில் சொல்லும் பொருள் அது. ஆனால் சுசீந்திரத்திலும் ஹம்பியிலும் இப்படிப்பட்ட தூண்களை இன்று தட்ட முடியாது. தட்டித் தட்டியே தேய்ந்துபோகும் என்று தடுத்திருக்கிறார்கள். தடுத்தது நியாயம்தான். ரசிக்கப்படுவதாலேயே தேய்வது இந்தக் கலைக்கு மட்டும் உள்ள விதி. கோயில் மண்டபத் தரைகளில் யாரோ வெட்டி வைத்த ஆடுபுலிக் கட்டங்களும் பல்லாங்குழிக் குழிகளும் பிழைத்திருக்கின்றன. அங்கே தேய்வது கூழாங்கல்லும் புளியங்கொட்டையும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எது தேய வேண்டும் என்பதை முன்னாலேயே தீர்மானித்த அந்தக் கல்தச்சரை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. இன்றைய பட்டறையிலும் நல்ல ஆள் அதைத்தான் செய்கிறார்: அச்சு தேயாது, அதற்குள் போட்ட மலிவான புஷ் தேயும், பத்து நிமிஷத்தில் மாற்றலாம். மற்றவர்கள் செய்ததில் ‘பழுது’ என்ற அட்டை தொங்கும். ஒரே காலையில் பத்துப் பள்ளிக்கூடப் பேருந்து வந்து இறங்கும் ஊர் இது. நூறு பேர் ஏறித் தொங்குவார்கள் என்று எண்ணாமல் வரைந்த வரைபடம், வரைபடமாகவே இருந்திருக்கலாம்.

உலகத்தில் இந்தக் கலைக்கு ஒரு ஆசான் உண்டென்றால் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. அமெரிக்க அரசியல் கெடுபிடியில் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாட்டுப் பண்ணை நடத்தி, அங்குள்ள பள்ளியில் பாடம் எடுத்து, 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கினார். பட்டறையைப் பின்கட்டில் ஒளிக்காமல் பார்வையாளர் கண்ணெதிரே வைத்தார். வெல்டிங் பொறி பறப்பதும் காட்சிதான். 1970களில் தன் காட்சிப்பொருள்களைச் செய்யும் விதத்தைச் சமையல் குறிப்புகளாகவே புத்தகம் போட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நம் அறிவியல் மையங்களில் பார்க்கும் பல பொருள்கள் வேறு நாட்டு மையங்களிலும் சற்று வேறு முகத்தோடு நிற்பதற்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். கீர்த்தனையைப் போலத்தான், இயற்றியவர் ஒருவர், பாடுகிறவர்கள் ஆயிரம், யார் கையில் சங்கதி விழுகிறது என்பதே ரசனை.

திருச்சிக்கு வருகிறேன். விமான நிலையத்தருகே புதுக்கோட்டைச் சாலையில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் 1999 முதல் இருக்கிறது. இருட்டுதான் கோளரங்கத்தின் பலம். கைக்கு அங்கே அதிக வேலையில்லை. கம்பரசம்பேட்டையில் 2025இல் திறந்த பறவைப் பூங்கா ஐந்திணையைக் கருவாக எடுத்துக்கொண்டது. அழகான எண்ணம். ஆனால் திணையைப் பலகை சொன்னால் பாதிதான் சேரும். பாலை மணல் காலைச் சுட வேண்டும், மருதத்துச் சேறு வழுக்க வேண்டும்.

என் வாக்கு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை ஒட்டி, சுமார் 25 ஏக்கரில், 2015இல் திறந்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது பெரிய வண்ணத்துப்பூச்சிச் சிலைகளின் முன்னால். நிஜமான வடிவமைப்பு அங்கே செடிகளின் தேர்வில் இருக்கிறது. வெந்தய வரியன் வேண்டுமென்றால் எருக்கு வைக்க வேண்டும், ஏனென்றால் அதன் புழு எருக்கைத் தின்று வளர்கிறது. எலுமிச்சை அழகிக்கும் கறிவேப்பிலை அழகிக்கும் அவற்றின் பேரிலேயே சாப்பாடு இருக்கிறது. கிலுகிலுப்பைச் செடி வைத்தால் வரியன்கள் காய்ந்த தண்டைக்கூடத் தேடி வந்து மொய்க்கும்; அதில் உள்ள கசப்புச் சத்து ஆண் பூச்சிகளுக்குத் தேவை. ஈரமண் ஒரு மூலையில் இருந்தால் உப்பு உறிஞ்சக் கூட்டமாக இறங்கும். காட்சிப்பொருளை வாங்கி வைக்க முடியாது; அது வருவதற்கான காரணத்தை நட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இவ்வளவு அடக்கமான வடிவமைப்பு வேறெங்கும் இல்லை.

கறிவேப்பிலை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். இளம்புழுவின் வேஷம் அது. பூங்காவில் தொடக் கூடாது, சரி. வீட்டுக் கொல்லையில் வளர்ந்த புழுவை ஒரு புல்லால் மெல்லச் சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். ஒரு நெடியும் வரும். கேட்ட கேள்விக்கு இதைவிடக் காட்டமான பதிலை எந்தப் பட்டறையும் செய்ததில்லை.

இத்தனைக்கும் மேலாக, முக்கொம்பே ஒரு காட்சிப்பொருள். அதை இன்னும் யாரும் கையில் எட்டும்படி வைக்கவில்லை என்பதுதான் என் குறை. பாலத்தில் நின்று ஷட்டர்களையும் நுரையையும் பார்த்துவிட்டு வறுத்த மீன் சாப்பிடப் போகிறோம். கீழே நடப்பது மகா நுட்பமான விளையாட்டு. இங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு கூடுதல், ஆகவே தண்ணீர் அந்தப் பக்கமே ஓடப் பார்த்தது. காவிரி வாயில் மணல் மேடிட்டது, தஞ்சாவூர் வயல்கள் வாடின. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது, ஆனால் அளவுக்கு மீறித் திரும்பியது! காவிரியின் படுகை அரித்துப் பள்ளமாகத் தொடங்க, கொள்ளிடத்து அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, 1840களில் காவிரி வாயிலும் ஒரு சுவரைப் போட்டார்கள். ஆறு கேட்டதற்கு மனிதர், மனிதர் கேட்டதற்கு ஆறு. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு கொள்ளிடத்தில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டதும், பக்கத்தில் புதிய கதவணை எழுந்ததும் அதே பேச்சின் தொடர்ச்சி.

இதை ஒரு மேஜையில் வைக்கலாம். பத்தடி நீளத் தொட்டி, ஒரு முனை சற்று உயர்வாக, உள்ளே ஆற்றுமணல், மேலிருந்து மெல்லிய நீர். நடுவில் இரண்டாகப் பிரியும் பள்ளம், வலது இடது கிளைகளுக்குச் சரிவில் சின்ன வித்தியாசம். பக்கத்தில் ஒரு கூடை களிமண்ணும் கூழாங்கல்லும். இன்னதைச் செய் என்று எதுவும் எழுத வேண்டாம். ஒரு கிளையை அடைக்கிற பிள்ளை, மறு கிளை கரையைத் தின்பதைக் கால் மணி நேரத்தில் பார்த்துவிடும். பதறிப்போய் அங்கேயும் களிமண் வைக்கும். காட்டனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் பல வருஷம் எடுத்த வேலை. தொட்டியை அணை தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும், நிமிர்ந்தால் நிஜம் கண்ணில் படுகிற மாதிரி. உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். மணல் கட்டாயம் வெளியே கொட்டும், வடிகால் அடைக்கும், யாராவது ஒரு செருப்பை உள்ளே மிதக்கவிடுவார்கள். தினமும் சல்லடை போட்டு மணலை மறுபடி நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அவருடைய சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டில், தொட்டியின் விலைக்கு அடுத்த வரியிலேயே எழுதிவிட வேண்டும்.