பராக்கும் பக்தியும்: 'ஊசோன் பாலந்தை கதை' பற்றிச் சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றி எழுதுவோர், 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை'யை முதலிற் குறிப்பிடுவர். அடுத்து 1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை'யைச் சொல்லிவிட்டு, அதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'க்கு (1895) விரைந்து செல்வர். இடையில் நிற்கும் நூலுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியங்களே. ஐரோப்பிய வீரசாகசக் கதையொன்றின் தழுவல். கிறிஸ்தவ சமய உணர்வு மிக்கது. யதார்த்தப் பண்பு அற்றது. வகுப்பறைகளில் நாமும் இவ்வாறே கற்பித்து வந்துள்ளோம். சொன்னவை தவறல்ல. ஆயின் அவற்றைச் சொல்லி முடித்ததும் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என எண்ணியதே தவறு.

இக்கட்டுரையில் நாம் நோக்க விரும்புவது நூலின் மொழிநடையையோ அமைப்பையோ அன்று. இப்படியொரு கதை தெரிந்தெடுக்கப்பட்டமையையே. விசுவாசத்தில் மனத்தை நிலைநிறுத்துமாறு மக்களுக்குப் போதித்துவந்த ஒரு சமயச் சூழலில், இராட்சதரும் மந்திரக் குதிரையும் பேசும் பித்தளைத் தலையும் நிறைந்த கதையொன்று ஏன் வேண்டப்பட்டது? மனம் அலையக்கூடாது என்பார் கையில், மனத்தை அலையவிடுவதற்கென்றே பிறந்த கதை எவ்வாறு வந்து சேர்ந்தது?

ஈழத்துக் கத்தோலிக்கரின் செப வழக்கிலே 'பராக்கு' என்றொரு சொல் உண்டு. செபவேளையில் மனம் வேறெங்கோ செல்லுதலே பராக்கு. அது ஒரு குற்றம், பாவசங்கீர்த்தனத்திற் சொல்லவேண்டியது. உலகம், பசாசு, சரீரம் என ஞானோபதேசம் கூறும் மூன்று சத்துருக்களுள் உலகம் மனிதரை அணுகும் மிக எளிய வழி இதுவே. பேச்சு வழக்கிலும் 'பிராக்குப் பார்த்தல்' என்றால் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தல்தான். ஆனால் கூத்தரங்கிலே கட்டியகாரன் 'பராக்கு' என்று கூவும்போது அதன் பொருள் நேர் எதிரானது: அரசன் வருகிறான், கவனியுங்கள் என்பது. ஒரே சொல் அரண்மனையில் கவனத்தையும் செபவீட்டிற் கவனச்சிதறலையும் குறிக்கிறது. சொல்லாராய்ச்சியாளர் இதற்கு வேறு விளக்கம் தரக்கூடும். எமக்கோ, எங்கே பார்க்கவேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாவே இதில் முதன்மையானது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நூல் பற்றிய வகுப்பொன்றில், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கரையோரக் குடும்பமொன்றிலிருந்து வந்த மாணவியொருவர் ஒரு செய்தி சொன்னார். அவருடைய தாயார் நாள்தோறும் இரவில் செபமாலை சொல்வார். தந்தையின் வள்ளம் கடலில் நிற்கும் இரவுகளில் அவருடைய வாய் மந்திரம் சொல்ல, காது காற்றையே கேட்டுக்கொண்டிருக்கும். மறுவாரம் கோயிலுக்குப் போய், செபத்திலே பராக்காய் இருந்தேன் என்று பாவசங்கீர்த்தனம் செய்வார். மாணவி இதனைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாம் அன்று எதுவும் சொல்லவில்லை. மார்க்சியக் கலைச்சொற்களில் உடனே ஒரு விடை கூறியிருக்கலாம். அவ்வாறு கூறாதது நன்று என்று இப்போது தோன்றுகிறது.

இனிக் கதைக்கு வருவோம். இதன் மூலம் 'வலந்தினும் ஓர்சனும்' என வழங்கும் பிரெஞ்சு வீரகதை. அது 1489இல் லியோன் நகரில் அச்சேறியது. கொன்ஸ்தாந்திநோப்பிள் சக்கரவர்த்தியின் மனைவி மீது தலைமைக் குரு ஒருவன் காமுறுகிறான். அவள் இணங்காதபோது அவள்மேற் பழி சுமத்துகிறான். நாடு கடத்தப்பட்ட அரசி காட்டிலே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். ஒரு குழந்தையைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது. மற்றையது பிரான்சு மன்னன் பெப்பினின் அரண்மனையை அடைகிறது. காட்டு மனிதனாக வளர்ந்தவனை அரண்மனையில் வளர்ந்தவன் வென்று அடக்கித் துணைவனாக்குகிறான். இருவரும் சகோதரர் என்ற உண்மை பிற்பாடே வெளிப்படுகிறது.

கதை திருச்சபைக்குப் பணிந்ததுதான். ஆயினும் அதன் முதற் கொடியவன் குருவே. அரசியின் கற்பை நிலைநாட்டுபவனும் துறவியல்லன், அக்குருவைத் தனிப்போரில் வெல்லும் வணிகன் ஒருவன். ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தின் இறுதிக் காலத்தில் வணிக வர்க்கம் எங்கு நின்றது என்பதை வரலாற்றாசிரியர் சிலரினும் தெளிவாக இக்கதை காட்டிவிடுகிறது.

பெயர்களையும் சற்று நோக்கவேண்டும். ஆங்கில அச்சு நூலொன்றிலிருந்து கண்ணால் எடுக்கப்பட்டிருப்பின் 'வலன்ரைன்' என்றோ அதனையொத்தோ வந்திருக்க வேண்டிய பெயர் 'பாலந்தை' ஆகியுள்ளது. இது காதால் வந்த பெயர். போர்த்துக்கேய ஓசை பட்ட பெயர். 'என்றிக் எம்பரதோர்' என்று கூத்தின் பெயரிலேயே சக்கரவர்த்தி 'எம்பரதோர்' ஆனது போன்றதே இது. 1891இல் திருகோணமலை யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பகுதியாயிருந்தது. அமலமரித் தியாகிகள் சபையின் ஐரோப்பியக் குருமார் ஒழுங்கும் கட்டுப்பாடும் மிக்க புதிய கத்தோலிக்கத்தைப் பள்ளிகள் வழியும் அச்சகங்கள் வழியும் நிறுவிக்கொண்டிருந்த காலம் அது. திருகோணமலை தனி மறைமாவட்டமானது 1893இலேயே. இன்னாசித்தம்பியின் நூலோ, அச்சுருவில் வந்ததெனினும், அதற்கு முந்திய பாமரக் கத்தோலிக்கத்தின் குரலைத் தன் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது.

அந்தப் பாமர மரபிலே இக்கதைக்கு உறவினர் பலர் உண்டு. 'எஸ்தாக்கியார்' கதையை எடுத்துக்கொள்வோம். வேட்டையிலே மனம் பறிகொடுத்த உரோமைத் தளபதி, தான் துரத்திய மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் காண்கிறான். அதாவது பராக்கின் உச்சத்திலேயே அவனுக்குத் தரிசனம் கிடைக்கிறது! பின்னர் செல்வத்தை இழக்கிறான். கப்பற்கூலி கொடுக்க வழியில்லாதபோது கப்பற்றலைவன் அவன் மனைவியைக் கவர்ந்துகொள்கிறான். பிள்ளைகளைச் சிங்கமும் ஓநாயும் கொண்டுபோகின்றன. ஊசோனைக் கரடி கொண்டுபோவதை இதனோடு ஒப்பிடுக. பழி சுமந்து காட்டில் அலையும் அரசியை 'ஞானசௌந்தரி'யிலும் காண்கிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' ஆகிய நாடகங்களைப் பதிப்பித்தமை இவ்வகையில் நாம் நன்றியுடன் நினைக்கவேண்டிய பணி. இக்கதைகளைப் பார்த்து வளர்ந்தோர்க்கு விசுவாசம் என்பது உலகத்திலிருந்து ஒதுங்கி இருக்கும் நிலையன்று. கப்பல், கூலி, காடு, பிரிவு எல்லாவற்றுக்கும் ஊடாக இழுபட்டுக் கரை சேரும் ஒன்று அது.

இக்கதை தமிழில் அச்சான ஊரின் 'உலகம்' எத்தகையது? 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு, பின்னர் கொழும்பில் அலைதாங்கியும் கட்டப்பட்டதும், இலங்கையின் வணிகக் கப்பல்கள் கொழும்பையே நாடின. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் போற்றப்படும் திருகோணமலையோ பிரித்தானியக் கடற்படைக்கு உரியதாகவே எஞ்சியது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றியது முதல், தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை அதுவே நிலை. புகையிரதம் இங்கு வந்தது 1927இற்றான். கொழும்பில் மூலதனம் கடையும் வங்கியுமாக வந்தது. திருகோணமலையில் அது சீருடை அணிந்து வந்தது. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களைக்கொண்டே கோட்டை கட்டிய ஊர் இது என்பதையும் மறத்தலாகாது. இவ்வூர்ச் சைவர்க்குக் கிறிஸ்தவம் முதலில் அறிமுகமானது பீரங்கியின் துணையோடுதான். இத்தகைய ஊரிலே, 'உலகம்' என்னும் சத்துரு பணக்காரனின் ஆடம்பரமாகத் தோன்றியிருக்க முடியாது. அது தொலைவிலிருந்து ஆணையிடும் ஒன்று. கூலி தருவது, தராமலும் விடுவது.

இக்காலத்தில் தமிழில் இதே பொருள்பற்றி எழுந்த பெருநூல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894). ஜோன் பனியனின் 'மோட்சப் பிரயாண'த்தைத் தழுவிய காப்பியம் அது. பனியனின் கதைத்தலைவன் அழிவுக்குரிய நகரை விட்டு ஓடுகையில், மனைவி மக்கள் கூவியழைக்க, விரல்களாற் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். வழியில் வரும் மாயச்சந்தையில் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. அவன் எதனையும் வாங்கான். இங்கே விசுவாசம் என்பது நேர்கோடு; பார்வையைத் திருப்பாத நடை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தனிமனிதனாகத் தலையெடுத்த கைவினைஞனின், சிறுவணிகனின் ஒழுக்கம் அது. காப்பிய நயத்தில் இன்னாசித்தம்பியின் நூலைக் கிருஷ்ணபிள்ளையின் அருகே வைத்தல் இயலாது. ஆயினும் வாழ்வின் உண்மையை எது கூடுதலாக அறிந்திருக்கிறது என்று கேட்டால், நாம் இன்னாசித்தம்பி தெரிந்தெடுத்த கதையின் பக்கமே சாய்வோம்.

ஏனெனில் பிரெஞ்சு மூலத்தின் இறுதி இவ்வாறு அமைகிறது. பகைவரின் கவசம் தரித்துப் போரிட்ட வலந்தின், அறியாமல் தன் தந்தையையே கொன்றுவிடுகிறான். அதற்குப் பிராயச்சித்தமாக ஏழு ஆண்டுகள் தன் சொந்த அரண்மனையின் படிக்கட்டின் கீழ்ப் பேசாது கிடந்து, எறியப்படும் மிச்சில் உண்டு, எவராலும் அறியப்படாமல் இறக்கிறான். புனித அலெக்சியார் தந்தையின் வீட்டுப் படியின் கீழ் வாழ்ந்த பழங்கதையின் எதிரொலி இது. காட்டில் வளர்ந்த சகோதரனோ இறுதியிற் காட்டுக்கே துறவியாக மீள்கிறான். படியின் கீழ்க் கிடப்பவன் எங்கும் ஓடவில்லை; காதைப் பொத்தவும் இல்லை. மனைவியின் காலடியோசை தலைக்குமேல் நாள்தோறும் கேட்கிறது. அவன் உறுதி அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே காக்கப்படும் உறுதி.

இவ்விடத்தில் நாம் வியப்போடு நின்றுவிடலாகாது. இளவரசன் மிச்சில் உண்டால் அது தவம். அதே படிகளைக் கூட்டிப் பெருக்குவோர் தலைமுறை தலைமுறையாக அதே மிச்சிலை உண்டனர், அதற்குப் பெயரில்லை. கதையாசிரியர் கண்ணில் அவர்கள் படவில்லை. தாழ்வை ஒருவன் தானே தெரிந்தெடுத்தால்தான் அது புண்ணியமாகும் என்னும் கருத்துநிலை, தெரிந்தெடுக்கும் வாய்ப்பே அற்றவரை அறக்கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவனுக்கு வறுமை ஒரு விரதமன்று. திஸ்ஸ பாலசூரியா அடிகளார் 1977இல் நற்கருணையையும் மானிட விடுதலையையும் இணைத்து எழுதிய நூல், வழிபாட்டிற் குவியும் கவனம் பீடத்துக்கு வெளியே உள்ள பசியைக் காணாதிருக்கலாமா என்று கேட்டது, இந்த ஓட்டையைக் கண்டதனாலேயே. அக்குரல் திருச்சபைக்குள்ளிருந்து எழுந்தது குறிப்பிடத்தக்கது.

எம்மையும் இக்கேள்வியிலிருந்து விலக்கிக்கொள்ள முடியாது. சமயத்தை அபின் என்று 1844இல் மார்க்ஸ் எழுதியதை நாம் ஓயாது எடுத்தாண்டோம். அதே பந்தியில் அவர் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சென்று கண்டதை மெல்லிய குரலிலேயே சொன்னோம். அதனினும் மேலாக, 1960களிலும் 70களிலும் முற்போக்கு விமர்சனம் தானே ஒரு ஞானோபதேசத்தை இயற்றிக்கொண்டது. படைப்பாளி இலக்கிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. காதல், நோய், மரணபயம், குழந்தையின் விளையாட்டு ஆகியன வர்க்கப் போராட்டத்திலிருந்து விலகிய பராக்குகள். சில நல்ல கதைகளை இக்காரணத்தாலேயே நாம் ஒதுக்கினோம். மு. தளையசிங்கத்தின் ஆன்மிக நோக்கை எள்ளி நகையாடியவர்களும் எம்மிடையே இருந்தனர். அவரோ 1971இல் புங்குடுதீவில், தாழ்த்தப்பட்டோர் கோயிற் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்கான போராட்டத்தில் முன்னின்று அடிபட்டவர். அவர் கொள்கைகளுடன் எமக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆயினும் அக்கிணற்றடியில் எம்மவர் எத்தனைபேர் நின்றனர் என்று கணக்கெடுப்பது நன்று.

அந்த மாணவியின் தாயாரிடம் திரும்புவோம். செபமாலையும் காற்றின் ஓசையும் அவருக்கு இரண்டாகத் தோன்றுவது, இரண்டென்று அவருக்குக் கற்பிக்கப்பட்டதனாலேயே. அவர் எதற்காகச் செபிக்கிறாரோ அதனையே அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. எஸ்தாக்கியார் கூத்தை விடியுமட்டும் விழித்திருந்து பார்த்த முந்திய தலைமுறையினர்க்கு இது விளங்காத செய்தியன்று. கடலும் கப்பற்கூலியும் அவர்கள் கண்ட விசுவாசத்தின் உள்ளேயே இருந்தன. அச்சான செபப்புத்தகம் அவற்றை வெளியே நிறுத்தியது. 'ஊசோன் பாலந்தை கதை' அச்சான பின்னும் அவற்றை உள்ளே வைத்திருந்தது.

அடுத்த முறை இந்நூலைக் கற்பிக்கும்போது, யதார்த்தப் பண்பு அற்றது என்ற வாக்கியத்தை நாம் முதலிற் சொல்லப்போவதில்லை. கப்பற்கூலிக்கு மனைவியை இழந்தவனின் கதையையும் படியின் கீழ்க் கிடந்தவனின் கதையையும் சொல்லி, அந்த வீட்டைக் கூட்டியவர் யார் என்று மாணவரிடம் கேட்கவிருக்கிறோம்.