முதுகும் மூட்டையும்

தமிழில் கிறிஸ்தவ பக்திப் புத்தகங்களைப் புரட்டினால் உடம்புக்கு ஏகப்பட்ட திட்டு. ஆத்துமா ராஜகுமாரி, சரீரம் அவளை அடைத்துவைத்த ஜெயில். உபவாச ஜெபக் கூட்டங்களில் கிடைக்கும் சின்னப் புத்தகங்களில் காரம் இன்னும் தூக்கல்.

பைபிள் அப்படியா சொல்கிறது? பவுல் இரண்டு வார்த்தைகளைப் பயன்படுத்துகிறார். தமிழ் பைபிளில் அவை ‘சரீரம்’, ‘மாம்சம்’. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் செயல்களுக்குப் பட்டியல் போடுகிறார். காமமும் குடியும் இருக்கின்றன. கூடவே பகை, பொறாமை, கோஷ்டிச் சண்டை. பட்டினி கிடந்தால் பொறாமை போய்விடுமா என்ன? சரீரத்தை ஒடுக்குவதாகவும் அவர் எழுதியிருக்கிறார், வாஸ்தவம். ஆனால் அங்கே காட்டும் உதாரணம் பந்தய வீரன். பயிற்சி வேறு, வெறுப்பு வேறு. கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தில் சரீரத்தை ஆலயம் என்கிறார். யோவானோ, இறைவன் மனிதனாக வந்ததைச் சொல்ல அந்த ‘மாம்ச’த்தையே எடுத்துக்கொள்கிறார். திருமூலரைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமே இல்லை.

நம் பெரிய கவிஞர்கள் இந்த விஷயத்தில் தேவலை. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ (1726) 3,615 பாட்டில் கொண்டாடுவது ஒரு தச்சரை. சூசையப்பர் கையால் உழைத்துப் பிழைக்கிறார், நோயில் விழுகிறார், சாகிறார். அந்த நோய் பாவத்துக்குச் சம்பளம் அல்ல.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894), ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவிய காவியம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ‘கிறிஸ்தவக் கம்பர்’ வர்ணனையில் இறங்கிவிட்டால், பயணியின் கால்வலி நமக்குத் தெரிவதில்லை. ஆனால் மையமான படிமம் பிரமாதம். பாவம் என்பது முதுகில் ஏறிய மூட்டை. முதுகே பாவம் அல்ல. சிலுவையண்டை மூட்டை விழுந்த பிறகும் பாக்கி தூரத்தை அதே கால்கள்தான் நடந்தாக வேண்டும்.

சின்னப் புத்தகங்கள் தவறவிடுவது இதைத்தான். வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் பகலெல்லாம் தறியில் குனிந்திருக்கும் நெசவாளி, சர்க்கரை வியாதிக்காரராகவும் இருந்தால் யோசித்துப் பாருங்கள். ‘உடம்பை மறந்துவிடு’ என்பது அவருக்கு உபதேசம் இல்லை, ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மருந்தையே நிறுத்தினால் எகிறும்.

உபவாசம் நல்ல பழக்கம்தான். ‘மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இருக்கவும்’ என்று அந்தப் புத்தகங்களில் ஒரு வரி சேர்த்தால் பக்தி என்ன குறைந்தா போய்விடும்?