‘பார்க்க’ என்றால் பார்க்க மட்டும்தான்

மாவட்ட இணையதளங்கள் எல்லாம் ஒரே அச்சுக்கு வந்துவிட்டதைப் பெரிய வெற்றியாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற அச்சைத்தான் சொல்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அதில்தான். 2020-இல் பிரிந்த மயிலாடுதுறைக்கும் அதே அளவில் சட்டை தைத்தாயிற்று.

பாராட்டில் பாதி நியாயம். முன்பு யாரோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன நிரல், அதில் கைவைக்கப் பயப்படும் அலுவலகம், ஊருக்கு ஒரு கோலம். இப்போது நிரல் தெரியாதவரும் பக்கம் ஏற்றலாம். பாதுகாப்பு ஓட்டையை ஓரிடத்தில் அடைத்தால் எல்லா மாவட்டத்துக்கும் அடைபடும். தமிழிலும் படிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் வழி உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை அறிவிப்புப் பக்கத்தோடு. தலைப்பு, விவரம், தொடக்க தேதி, முடிவு தேதி, கோப்பு என்று ஓர் அட்டவணை. கடைசிக் கட்டத்தில் ‘பார்க்க’ என்று ஒரு சுட்டி. தட்டினால் பிடிஎஃப் இறங்கும். பல சமயம் அது முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்ட தாளின் ஸ்கேன், கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். அதற்குள் ஊர்ப் பெயரைத் தேட முடியாது, ஒரு வரியை நகலெடுக்க முடியாது. தட்டச்சுக் கோப்பாக இருந்தாலும் நிம்மதியில்லை. யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால் கண்ணுக்குத் தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு ஆணை போட்டது 2010-இல்!

பெயரிலுள்ள மூன்று ‘எஸ்’களில் ஒன்று ‘சுகம்யா’, எல்லோரும் எளிதில் அணுகத்தக்கது என்று பொருள். பட்டிகளையெல்லாம் பளிச்சென்று வாசித்துவரும் திரைவாசிப்பான் அந்த ஸ்கேனைத் திறந்ததும் வாயடைத்து நிற்கிறது. வாசற்படிக்குச் சாய்தளம் போட்டு, உள்ளறையைப் பூட்டிவைத்த கதை.

தாளை ஸ்கேன் செய்து ஏற்றும் எழுத்தர்தான் குற்றவாளி, அச்சு என்ன செய்யும் என்பது ஆதரவாளர்களின் பதில். நான் ஏற்கவில்லை. அச்சில் எது சுலபமோ அதைத்தான் அவசரத்திலிருக்கும் மனிதர் செய்வார். கோப்பு ஏற்ற ஒரு பொத்தான் போதும். ஊர்வாரியாக விவரம் நிரப்ப அங்கே கட்டமே இல்லை. எஸ்3வாஸின் அடித்தளமான வேர்ட்பிரஸ்ஸில், வேண்டிய தகவலுக்கு வேண்டிய கட்டங்களை வகுத்துக்கொள்ள முடியும். வகுக்காமல் விட்டது வடிவமைத்தவர்களின் முடிவு.

டெல்டாவில்தான் இந்த முடிவு வலிக்கிறது. ஜூன் 12-ஐக் கணக்கு வைத்து மேட்டூர் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரித்த பிறகு விவசாயிக்கு வேண்டியது சில பதில்கள். எங்கள் வாய்க்காலுக்கு முறை என்றைக்கு, எத்தனை நாள்? பக்கத்தில் எங்கே நேரடிக் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது? ஈரப்பதம் 17 விழுக்காடுதானா, தளர்த்தியிருக்கிறார்களா? எல்லாமே நாள், ஊர், எண். கட்டத்தில் உட்காரத் தகுந்த இவற்றைப் படமாக்கி ஏற்றும் விந்தையை எப்படிச் சாதனை என்பது? வெண்ணாறு தஞ்சாவூரில் நிற்பதில்லை, திருவாரூருக்கும் போகிறது. இரண்டு மாவட்டத் தகவலையும் சேர்த்துப் பார்க்க, ஒரே அச்சு தந்திருக்கவேண்டிய வசதி இதுதான். தந்ததோ ஒரே மாதிரி முகப்பு.

இன்னொன்று. முடிவு தேதி தாண்டியதும் அறிவிப்பு பழையவற்றின் பட்டியலுக்குப் போய்விடும். போன குறுவைக்கு என்ன முறை வைத்தார்கள் என்று ஒப்பிட நினைப்பவர் அங்கே கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் துழாவ வேண்டும். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், அரண்மனைச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணையை 1880-இல் அச்சிட்டுத் தந்தார். ஓலைக்குக் கிடைத்த அந்த மரியாதை பிடிஎஃப்புக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் சேதி வரப்புக்கு எப்படி வந்து சேர்கிறது? கோப்பைத் திறந்த யாரோ ஒருவர் இரண்டு விரலால் விரித்து, தன் வாய்க்கால் பெயருள்ள வரியைத் தேடிப்பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறார். அடுத்த வாய்க்கால்காரர் கீழேயே கேட்கிறார்: ‘எங்களுக்கு எந்தப் பக்கத்துலண்ணே இருக்கு?’